இரண்டு ஆடி கண்ட வேலையைக் காட்டச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, ஆனைமலைக்கு அருகில் எங்களுக்குத் தென்னந்தோப்பு உள்ளது. தோட்டத்து வீட்டின் மேற்குப் பக்கத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன் 20 அடிக்கு 16 அடி அளவில் தேக்குப் பலகையில் மரத்தளம் போட்டோம். வீட்டுக் கதவுகளுக்குப் பாலிஷ் செய்தவரே தளத்துக்கும் பளபளவென்று வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். முதல் ஆடியிலேயே பூச்சு வெடித்துச் செதில் செதிலாக உரியத் தொடங்கிவிட்டது. இப்போது பாதித் தளம் சாம்பல் நிறமாகிவிட்டது. திருகாணிகளைச் சுற்றிக் கறுப்பு வட்டங்கள் உள்ளன. சுவரோரம் பாசி பிடித்திருக்கிறது. மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் முழுவதும் தேய்த்து பி.யூ. (பாலியூரிதேன்) பூச வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார். ஐந்து வருடம் கேரண்டி என்கிறார். இன்னொருவர் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டு மேலே ஒரு கோட் வார்னிஷ் அடித்தால் போதும் என்று அதில் கால் பங்குதான் கேட்கிறார். மூன்றாமவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் கலந்த பலகை போடச் சொல்கிறார். என் மாமனார், டிராக்டரில் வடித்த பழைய ஆயிலைத் தடவினால் செல் (கரையான்) அண்டாது, அது போதும் என்கிறார். யாரை நம்பி வேலையைக் கொடுப்பது? அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? எந்த மாதத்தில் செய்வது நல்லது? பிறகு எப்படிப் பராமரிப்பது? தளத்தின் மேல் பூந்தொட்டிகள் வைக்கலாமா?

— வாசகி ஒருவர், ஆனைமலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கூடவே அனுப்பிய படங்களையும் பார்த்தேன். தளத்தைக் கழற்றி எறிய வேண்டிய நிலை வந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மேற்பரப்பு கெட்டிருக்கிறது, உள்ளே மரமும் கெட்டிருக்கிறதா என்பதை அடியில் இறங்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரத்தளத்துக்கு நீங்கள் செலவிடும் காசில் பெரும் பங்கு, பூச்சு டின்னைத் திறப்பதற்கு முன் நடக்கும் வேலைக்கும், பூசி முடித்த பின் ஆண்டுதோறும் நடக்கும் பராமரிப்புக்கும் போக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், விலை சொன்ன மூவரில் எவரும் முன்வேலையைப் பற்றியோ பின்வேலையைப் பற்றியோ விரிவாகப் பேசியதாகத் தெரியவில்லை. ஆகவே இந்த மூவருக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடியை முதலில் விட்டுவிடுங்கள்.

பழைய பூச்சு ஏன் உரிந்தது என்று தெரிந்துகொண்டால், புதிதாக வருபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவாகும். உரிந்து நிற்கும் செதில் ஒன்றை நகத்தால் பெயர்த்து, வெளிச்சத்தில் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய நார்கள் அதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். வார்னிஷ் பிடித்த பிடியை விடவில்லை. மரத்தின் மேல்தோலே மரத்தை விட்டுப் பிரிந்து வார்னிஷோடு வந்துவிட்டது என்பதற்கு அந்த நார்களே சாட்சி. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. நிறமில்லாத வார்னிஷ் அந்தக் கதிரைப் போதுமான அளவு தடுப்பதில்லை. அது பளபளப்பாக இருக்கும் காலத்திலேயே அதன் அடியில் மரம் நைந்துகொண்டிருக்கும். பிறகு பலகை ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும்போது மேலே உள்ள கெட்டியான படலத்தில் மயிரிழை வெடிப்பு விழுகிறது. அந்த வழியாக உள்ளே போன மழைநீர் வெளியேற வழியில்லாமல் படலத்துக்குக் கீழேயே தங்கி, அதை அங்கிருந்தே தூக்கிவிடுகிறது. தேக்கில் இயல்பாகவே உள்ள எண்ணெய்ப் பசையும் படலம் இறுகப் பற்றுவதற்குத் தடை. கதவு நிமிர்ந்து நிற்கிறது, அதன் மேல் நீர் தேங்குவதில்லை, யாரும் நடப்பதுமில்லை. அதனால் அதே வார்னிஷ் கதவில் பல ஆண்டுகள் நிற்கும். உங்கள் பாலிஷ்காரர் ஏமாற்றியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் தமக்குத் தெரிந்த கதவு வேலையைத் தரையில் செய்திருக்கிறார்.

உங்கள் ஊரின் காற்றையும் இதில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று நேராக மேற்கிலிருந்து வருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் செங்குத்தாக விழாமல் சாய்ந்து அடிக்கிறது. மேற்குப் பார்த்த தளம் என்றால் காலை முதல் சாரலும், மழை விட்ட நாளில் பிற்பகல் முழுவதும் சாய்ந்த வெயிலும் அதன் மேல்தான் விழும். காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் இதே தளத்தைப் போட்டிருந்தால் பாசித் தொல்லை குறைவாகவும், வறட்சியால் வரும் வெடிப்பு அதிகமாகவும் இருந்திருக்கும். திருப்பூரில் நன்றாக நின்ற வேலை உங்கள் தோப்பிலும் நிற்கும் என்று ஒருவர் உறுதி சொன்னால், அவர் உங்கள் பக்கத்து ஆடியைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

இத்தகைய இடத்துக்கு ஏற்றது, மரத்துக்குள் ஊறி இறங்கும் எண்ணெய் வகை ஸ்டெயின். அதில் நிறமித் தூள் கலந்திருக்க வேண்டும், ஏனெனில் வெயிலின் கதிரைத் தடுப்பதில் பெரும் பங்கு அந்த நிறமியுடையது. முழுக்க நிறமற்ற எண்ணெய் மரத்தின் அழகை அப்படியே காட்டும். ஆனால் சில மாதங்களிலேயே சாம்பல் நிறம் திரும்பிவிடும். மரத்தின் வரிகள் தெரியும் அளவுக்கு மட்டும் நிறம் உள்ள, பாதி ஊடுருவித் தெரியும் வகையை வாங்குங்கள். ஊறும் பூச்சின் பெரிய நன்மை, அது உரியாது. நாளடைவில் தேய்ந்து மங்கும். மங்கிய இடத்தைக் கழுவி, உலரவிட்டு, மேலேயே மறுபடி பூசலாம். படலப் பூச்சு உரிந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் முழுவதையும் சுரண்டித்தான் தொடங்க வேண்டும்.

எதுவும் பூசாமல் விடுவதும் ஒரு வழிதான். முற்றிய தேக்கின் வைரப் பகுதி, அதாவது நடுவில் உள்ள கெட்டியான மரம், வெயிலில் சாம்பல் நிறமாவதால் வலிமை இழப்பதில்லை. நிறம் மாறுவது மேலே மிக மெல்லிய அடுக்கு மட்டுமே. அந்த நிறம் உங்களுக்குப் பிடிக்குமானால், பழைய வார்னிஷை முழுவதும் எடுத்துவிட்டு, ஆண்டுக்கு இரண்டு முறை பாசி போகத் தேய்த்துக் கழுவி, அப்படியே வைத்துக்கொள்ளலாம். செலவு மிகக் குறைவு. மேலைநாடுகளில் தேக்கு இருக்கைகளைத் திறந்த வெளியில் பலர் இப்படித்தான் விட்டுவைக்கிறார்கள். ஆனால் இதற்குப் பலகையில் வைரம் மட்டுமே இருக்க வேண்டும். டாப்சிலிப் சரிவில் ஒரு காலத்தில் உருட்டி இறக்கிய முதிர்ந்த காட்டுத் தேக்குக்கும், இப்போது கடைகளில் கிடைக்கும் இளம் தோட்டத் தேக்குக்கும் இதில் பெரிய வேறுபாடு உண்டு. இளம் மரத்தில் வெளிறிய வெள்ளைப் பகுதி அதிகம். அது செல்லுக்கும் உளுப்புக்கும் எளிதில் இரையாகும். வெள்ளை ஓடும் பலகைகள் உங்கள் தளத்தில் இருந்தால் பூச்சு இல்லாமல் விட வேண்டாம்.

இனி உங்களுக்குக் கிடைத்த யோசனைகளைப் பற்றி. பி.யூ. பூசச் சொன்னவர் முழுவதும் தேய்க்க வேண்டும் என்று சொன்னது சரி. அதன் மேல் பூசப் போவதுதான் தவறு. அதுவும் படலம்தான், வார்னிஷை விடக் கடினமான படலம், உரியும்போது எடுப்பதும் அதே அளவுக்குக் கடினம். மேற்குப் பார்த்த திறந்த தளத்துக்கு ஐந்து வருடம் கேரண்டி என்று பேச்சில் சொல்வதை நம்ப வேண்டாம். டின்னில் அச்சிட்டிருக்கும் உத்தரவாதத்தைப் படித்தால், மேற்பரப்பு முறையாகத் தயார் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும். தயார் செய்தவருக்கு அங்கே யாரும் உத்தரவாதம் தரவில்லை. பிளீச்சிங் பவுடர் யோசனையை முற்றாக விட்டுவிடுங்கள். அது பாசியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அதே வேகத்தில் மரநாரையும் அரித்துப் பஞ்சாக்கிவிடும், திருகாணிகளையும் துருப்பிடிக்க வைக்கும். உரிந்துகொண்டிருக்கும் வார்னிஷின் மேல் புது வார்னிஷ் அடித்தால், அடியில் உள்ளது பெயரும்போது மேலே உள்ளதும் சேர்ந்தே பெயரும். பிளாஸ்டிக் கலந்த பலகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பராமரிப்பு குறைவுதான், ஆனால் பிற்பகல் வெயிலில் வெறுங்காலோடு அதில் நிற்க முடியாத அளவுக்குச் சுடும், நல்ல தேக்கைக் கழற்றிவிட்டு அதைப் போடுவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மாமனாரின் யோசனையை மரியாதையோடு மறுக்க வேண்டியிருக்கிறது. வேலிக் கம்பங்களுக்கும் வண்டிச் சட்டங்களுக்கும் கழிவு ஆயில் தடவும் வழக்கம் நம் பக்கத்தில் நெடுநாளாக உண்டு என்பதை அறிவேன். ஆனால் இன்ஜினில் எரிந்து வடிந்த ஆயிலில் உலோகத் துகள்களும், உடலுக்குக் கேடான கரிச் சேர்மங்களும் கலந்திருக்கின்றன. அது ஒருபோதும் உலராது. குழந்தைகள் தவழ்ந்து விளையாடும், பெரியவர்கள் வெறுங்காலோடு நடக்கும் தளத்தில் அது கூடாது. அதைவிட, ஒருமுறை அந்த ஆயில் மரத்தில் ஊறிவிட்டால் பிறகு எந்த ஸ்டெயினும் அதன் மேல் பிடிக்காது. செல்லைத் தடுப்பதுதான் அவருடைய நோக்கம் என்றால், தளத்தின் கால்கள் மண்ணைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே அதற்கு முதல் வேலை.

அதற்காகத்தான் பாலிஷ்காரரைத் தேடுவதற்கு முன் நல்ல ஆசாரி ஒருவரை அழைக்கச் சொல்கிறேன். தளத்தைப் போட்டவர் அல்லாத வேறொருவராக இருந்தால் நல்லது. விளக்கோடு அவர் தளத்துக்கு அடியில் இறங்கிப் பார்க்க வேண்டும். பலகைகளைத் தாங்கும் சட்டங்களிலும், அவை சுவரோடு சேரும் இடத்திலும், கால்களின் அடியிலும் திருப்புளியின் முனையைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மரத்தில் முனை இறங்காது. அழுகிய மரத்தில் கையழுத்தத்துக்கே அமுங்கிப் போகும். செல் ஏறிய மண்கோடுகள் இருந்தால் அவையும் அங்கேதான் தெரியும். பலகைகளுக்கு இடையே நீர் வடியவும் காற்று போகவும் இடைவெளி வேண்டும், 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது. தென்னம்பாளையும் சருகும் மண்ணும் சேர்ந்து அந்த இடைவெளி அடைந்திருந்தால் சுவரோரப் பாசிக்கு அதுவும் ஒரு காரணம். திருகாணிகளைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டம், இரும்பும் மரத்தில் உள்ள துவர்ப்புப் பொருளும் ஈரத்தில் சேர்வதால் வருவது. காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். இறுக ஒட்டினால் போட்டிருப்பது பெரும்பாலும் சாதாரண இரும்பு அல்லது கால்வனைஸ் செய்த இரும்பு. அவற்றை எடுத்துவிட்டு 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளாக மாற்றிய பிறகே பூச்சு வேலை தொடங்க வேண்டும். மாற்றாமல் பூசினால் அடுத்த மழைக்கே கறுப்பு வட்டம் திரும்பி வரும்.

பூச்சுக்கு ஆளைத் தேடும்போது ஒரே ஒரு கேள்வியை மற்ற எல்லாவற்றுக்கும் முன் வையுங்கள்: ‘திறந்த வெளியில் நீங்கள் செய்த, இரண்டு ஆடி கண்ட மரத்தளம் ஒன்றைக் காட்ட முடியுமா?’ எல்லோரும் கைப்பேசியில் படம் காட்டுவார்கள். அந்தப் படங்கள் பெரும்பாலும் வேலை முடிந்த அன்று மாலை எடுத்தவை. அன்று எந்த வேலையும் அழகாகத்தான் இருக்கும். வால்பாறை, ஊட்டி, ஏற்காடு பக்கத்து விடுதிகளிலும் ஆனைமலை அடிவாரத்துத் தோட்ட வீடுகளிலும் மரத்தளங்கள் இப்போது பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது அவர் செய்து, பராமரித்தும் இருந்தால் நேரில் அழைத்துப் போவார். போனால், நடுப்பகுதியை விட்டுவிட்டுப் பலகைகளின் வெட்டு முனைகளையும் படிகளின் விளிம்பையும் பாருங்கள். வெட்டு முனை வழியாகத்தான் மரம் நீரை மிக வேகமாகக் குடிக்கிறது. அங்கே கவனமாகக் கூடுதலாகப் பூசியவர் மற்ற இடங்களிலும் கவனமாகத்தான் இருந்திருப்பார். அந்த வீட்டுக்காரரிடம், முதல் ஆண்டுக்குப் பிறகு கூப்பிட்டபோது இவர் வந்தாரா என்றும் கேட்டுவிடுங்கள். வீடுகளின் உள்ளே மெலமைன், லேக்கர் பூச்சு வேலையில் பெயர் பெற்றவர்கள் கோவையிலும் ஈரோட்டிலும் நிறைய உண்டு. அந்தத் திறமை உண்மையானது, ஆனால் வெளித்தளத்துக்கு அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

அடுத்து, ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மாதிரி செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். அந்த நான்கு சதுர அடியில் ஆளின் கை முழுவதும் தெரிந்துவிடும். பழைய வார்னிஷை எடுத்தபின் மரம் ஒரே சீரான நிறத்தில் இருக்கிறதா, இடையிடையே பளபளப்பான திட்டுகள் மிச்சமிருக்கின்றனவா என்று பாருங்கள். திட்டு இருக்கும் இடத்தில் ஸ்டெயின் இறங்காது. எந்த எண் உப்புத்தாளில் முடிக்கிறார் என்று கேளுங்கள். 60, அதன்பின் 80 என்று சொன்னால் விஷயம் தெரிந்தவர். கதவு வேலையின் பழக்கத்தில் 220 வரை வழுவழுப்பாக்கினால் மரத்தின் துளைகள் அடைபட்டு, எண்ணெய் மேலேயே நின்றுவிடும். பூசுவதற்கு முன் அவரே சில துளி நீரைத் தெளித்துப் பார்க்கிறாரா என்பதையும் கவனியுங்கள். துளி முத்தாக உருண்டு நின்றால் மரம் இன்னும் தயாராகவில்லை. ஓரிரு நிமிடங்களில் பரவி உள்ளே போய், அந்த இடம் கருத்தால் தயார். பூசிய பின் கால் மணி நேரத்தில், மரம் குடிக்காமல் மேலே மிஞ்சி நிற்கும் எண்ணெயைத் துணியால் முழுவதும் துடைத்து எடுக்க வேண்டும். துடைக்காமல் ‘நன்றாகத் தடிமனாக நிற்கட்டும்’ என்று விடுகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். அந்த மிச்சம் பிசுபிசுப்பாகவே கிடந்து தூசியைப் பிடிக்கும். சில இடங்களில் மறுபடி படலமாகி உரியவும் செய்யும்.

விலையைப் பேசும்போது மொத்தமாக ஒரு தொகையை ஏற்க வேண்டாம். பழைய பூச்சு எடுப்பது, தேய்ப்பது, கழுவுவது, பூச்சுக்கூலி, பொருள் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சதுர அடிக் கணக்கில் முழு வேலையையும் காண்ட்ராக்ட் விட்டால், கண்ணுக்குத் தெரியாத தேய்ப்பு வேலையில்தான் நேரத்தை மிச்சம் பிடிப்பார்கள். அதனால் சுரண்டுவதற்கும் தேய்ப்பதற்கும் நாள் கூலியும், பூசுவதற்குச் சதுர அடிக் கணக்கும் வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பொருளை நீங்களே வாங்குங்கள். எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம்: உங்கள் தளம் 320 சதுர அடி. வாங்கும் டின்னில் ஒரு லிட்டர் 80 சதுர அடிக்கு வரும் என்று எழுதியிருந்தால், ஒரு பூச்சுக்கு 4 லிட்டர், இரண்டு பூச்சுக்கு 8 லிட்டர். இரண்டாம் பூச்சு சற்றுக் குறைவாகவே குடிக்கும். இதற்குப் பாதி அளவு போதும் என்று ஒருவர் சொன்னால் தின்னரை ஊற்றி நீர்க்கச் செய்யப் போகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். டின்னை உங்கள் முன்னால் திறக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மேல் எதையும் கலக்கக் கூடாது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பணத்தில் ஒரு பங்கை முன்பணமாகவும், ஒரு பங்கைத் தேய்த்து முடித்த தளத்தை நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட அன்றும், ஒரு பங்கைப் பூச்சு முடிந்ததும் கொடுங்கள். ஒரு சிறு தொகையை மட்டும் முதல் கோடை மழை கண்ட பிறகு தருவதாக முன்கூட்டியே சொல்லி நிறுத்தி வையுங்கள். வேலைக்காரர்களின் அன்றாடக் கூலியை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் தை பிற்பகுதியில் தொடங்கி, பங்குனிக்குள் முடிப்பதே உங்கள் பகுதிக்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இரண்டு நாள் விட்டதைப் பார்த்து யாராவது தொடங்கலாம் என்றால் இடம் கொடுக்காதீர்கள். மேலே உலர்ந்ததாகத் தெரிந்தாலும் பலகைக்குள் ஈரம் இருக்கும். ஈரமானி வைத்திருப்பவராக இருந்தால், பலகையில் 15 சதவீதத்துக்குக் கீழ் காட்டிய பிறகே பூசச் சொல்லுங்கள். தை மாதத்தில் காலைப் பனி இருக்கும் என்பதால் ஒன்பது மணிக்கு முன் தொடங்க முடியாது. உங்கள் தளம் மேற்கில் இருப்பதால் நண்பகல் வரை வீட்டின் நிழல் அதன் மேல் இருக்கும். அந்த நேரத்துக்குள் பூசிவிட்டு, பிற்பகலுக்கு நர்சரிகளில் கட்டும் பச்சை நிழல்வலையை மேலே கட்டிவிட்டால் எண்ணெய் நிதானமாக ஊறும். உள்ளங்கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் பலகையில் பூசினால் எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு முன்பே மேலே காய்ந்துவிடும்.

வேலை நடக்கும் நாட்களில் நீங்கள் உடனிருந்து கவனிக்க வேண்டியவை சில உண்டு. கறுப்புக் கறையையும் சாம்பல் நிறத்தையும் போக்க ஆக்ஸாலிக் ஆசிட் கரைசலைப் பயன்படுத்துவார்கள். அது சரியான முறைதான். ஆனால் நம் பக்கத்துப் போர்வெல் நீர் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து மிகுந்த உப்பு நீர். அந்த நீரில் உள்ள கால்சியமும் ஆக்ஸாலிக் ஆசிட்டும் சேர்ந்தால் நீரில் கரையாத வெள்ளைப் படிவு மரத்தின் மேல் தங்கிவிடும். அதன் மேல் பூசினால் திட்டுத் திட்டாகத் தெரியும். கரைசலைக் கலக்கவும் கடைசியாக அலசவும் குடிநீர்க் குழாயின் மென்னீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்தச் சொல்லுங்கள். அந்த ஆசிட் நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது, நன்றாக அலசி முடிக்கும் வரை குழந்தைகளும் நாயும் மாடும் அந்தப் பக்கம் வரக் கூடாது. அதையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதால், ஏற்கனவே பிளீச்சிங் பவுடர் வாங்கி வைத்திருந்தால் அந்த நாட்களில் அதை வேலையிடத்திலிருந்தே அகற்றிவிடுங்கள். பம்பை வைத்து அழுத்தமாக நீர் பாய்ச்சிக் கழுவுவதும் வேண்டாம். அருகில் பிடித்தால் அது மென்மையான நார்களைப் பறித்து, பலகையில் வரி வரியாகப் பள்ளம் விழச் செய்யும். கெட்டியான தேங்காய் நார் பிரஷ் போதும், அதையும் மரவரியின் போக்கில் தேய்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, எண்ணெய் துடைத்த துணிகள். ஆளிவிதை எண்ணெய் போன்று தானே காய்ந்து இறுகும் எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் வெளியாகிறது. துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் உள்ளேயே தேங்கி, சில மணி நேரத்தில் யாரும் தொடாமலே தீப்பற்றிக்கொள்ளும். தேங்காய் மட்டையும் சருகும் கிடக்கும் தோப்பில் இதன் விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் வேலையாட்கள் கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு துணியையும் வாளி நீரில் முக்கி வைத்தார்களா, அல்லது திறந்த வெளியில் தனித்தனியாக விரித்துக் காயப் போட்டார்களா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். நீங்கள் நினைவூட்டுவதற்கு முன்பே இதைச் செய்கிற ஆள் கிடைத்தால், வேறு எதற்காகவும் அவரை மாற்றாதீர்கள்.

பூந்தொட்டிகள் வைக்கலாம், ஆனால் பலகையின் மேல் நேரடியாக வைக்க வேண்டாம். தொட்டியின் அடியில் எப்போதும் ஈரம் நின்று, ஓராண்டிலேயே கறுப்பு வளையம் விழும். மண்ணும் உரமும் கசிந்தால் பலகை அழுகவும் தொடங்கும். கால் வைத்த இரும்பு அல்லது பிளாஸ்டிக் தாங்கியில், தரைக்கும் தொட்டிக்கும் நடுவே காற்று போகும்படி வைத்து, மாதம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். இரும்புத் தாங்கியாக இருந்தால் அதன் கால்களுக்கு ரப்பர் மூடி போட வேண்டும்.

பராமரிப்புக்கு, பூச்சு வேலை செய்தவரிடமே ஆண்டு ஒப்பந்தம் பேசுங்கள். விலை பேசும் அன்றே அதையும் சேர்த்துப் பேசினால் குறைவாக முடியும். ஆண்டுக்கு இரண்டு வருகை போதும். வைகாசியில், தென்மேற்குப் பருவம் பிடிப்பதற்கு முன் ஒருமுறை வந்து இடைவெளிகளில் அடைந்த சருகை எடுத்து, தளர்ந்த திருகாணிகளை முடுக்கி, வெட்டு முனைகளுக்கு மட்டும் எண்ணெய் தொட்டுவிட வேண்டும். தையில் மறுமுறை வந்து முழுத் தளத்தையும் கழுவி, நீர்த் துளி சோதனை செய்து, நீரை உறிஞ்சும் இடங்களில் ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். வாசற்கதவிலிருந்து படி வரை எல்லோரும் நடக்கும் பாதை எல்லாவற்றுக்கும் முன் மங்கும். அதற்கு ஆண்டுதோறும் தேவைப்படலாம், மற்ற இடங்கள் இரண்டாம் ஆண்டு வரை தாங்கக் கூடும். இதற்காகவே மீதமாகும் ஸ்டெயினில் அரை லிட்டரையாவது சிறு டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, நிறத்தின் பெயரையும் எண்ணையும் வாங்கிய தேதியையும் மேலே எழுதி, வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே நிறம் கடையில் கிடைக்காமல் போனால் கடைக்காரரிடம் காட்டி ஒப்பிட்டு வாங்க அது உதவும். இடையில் வீட்டில் செய்ய வேண்டியது, வாரத்துக்கு ஒருமுறை தென்னந்துடைப்பத்தால் சருகைப் பெருக்கித் தள்ளுவதும், பாசி துளிர்க்கும் சுவரோரத்தை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்ப்பதும்தான்.

தை வருவதற்கு இன்னும் சில மாதங்கள் இருப்பதால், அதற்குள் ஆசாரியை அழைத்து அடித்தளத்தைப் பார்த்து, திருகாணிகளை மாற்றிவிடுங்கள். வெள்ளைப் பகுதி உள்ள பலகைகள் எத்தனை, சட்டங்களில் எங்காவது திருப்புளி இறங்கியதா என்பதை அவர் சொன்னதும் எனக்கு மறுபடி எழுதினால், பூச்சுக்கு முன் எந்தப் பலகைகளை மாற்ற வேண்டும் என்பதைச் சேர்ந்து முடிவு செய்யலாம்.